தோள் இறங்கிய ரவிக்கை

ஜூன் 9

அன்பு அக்காவுக்கு,

பூனை எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கை வலி குறைந்ததா?

அப்பா நலம் என்று எழுதிவிட்டேன். கண்ணைத் தவிர என்று சேர்த்துக்கொள். இரண்டு கண்ணிலும் புரை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் செய்தால் பழையபடி தெரியுமாம். ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பார்களாம். அதுவரை அவருக்கு எல்லாம் பனிமூட்டம்தான். துணியைத் தடவிப் பார்த்துத்தான் வெட்டுகிறார். அளவு எழுதுவது, சாக்கட்டியில் கோடு போடுவது, பொத்தானுக்குக் காஜா எடுப்பது எல்லாம் என் வேலை. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியது ஊசி கோக்க மட்டும்தான் என்று நினைத்தேன். இப்போது கடையே என் தலையில் விழுந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் பேசினால் எனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நேற்று ஓர் அம்மா, "என்ன டெய்லரே, மிச்சம் இருந்த நூல்ல உங்க பொண்ணு வாயையும் சேர்த்துத் தைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

உன் பேரை யாராவது எடுத்தால் மட்டும் மெஷினை வேகமாக மிதிக்கிறார். சத்தத்தில் பேரே அமுங்கிப் போகிறது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். மழையில் முன்னறைச் சுவர் ஊறிவிட்டது. படம் மாட்டியிருக்கும் சுவர். நம் வீட்டில் படம் என்றால் அது ஒன்றுதானே. அப்பா நிற்கிறார், என் ஒரு வயதிலேயே போய்விட்ட அம்மா நாற்காலியில் சிரித்தபடி இருக்கிறாள், நான் அவள் மடியில் துணிப்பொட்டலமாகக் கிடக்கிறேன். உனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போய் எடுத்த படம். அதை அப்பாவைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது உனக்கும் தெரியும். கண்ணாடியைக்கூட அவர்தான் துடைப்பார். ஆனால் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கியிருப்பது இப்போது அவருக்குத் தெரியவில்லையே. அவர் குளிக்கப் போன நேரத்தில் கழற்றி, பின்பக்க ஆணிகளை நெம்பி எடுத்து, காய வைத்தேன்.

அக்கா, அம்மாவின் முகம் மட்டும் ஓரத்தில் காய்ந்த இலை மாதிரி சுருண்டு நிற்கிறது. அப்பா முகம் அப்படி இல்லை. நாற்காலி அப்படி இல்லை. பயந்துபோய் மூடி மாட்டிவிட்டேன். படம் அப்படி உரியுமா? வழக்கம்போலப் பொத்தான் கடைக்காரம்மா விலாசத்துக்கே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பூனை


ஜூன் 20

என் பூனைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். கை வலி எங்கே போகும்? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மலைபோல வருகிறது, மடிக்க மடிக்க வளர்கிறது. உன் அத்தான் ரொட்டி அடுப்புக்குள் தலையை விட்டு மறுபடியும் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டார். கேட்டால், "புருவம் இல்லாத புருஷன் கிடைச்சது உன் அதிர்ஷ்டம், நான் முறைச்சாலும் உனக்குத் தெரியாது" என்கிறார்.

அப்பாவுக்குச் சர்க்கரை போடாத டீதானே கொடுக்கிறாய்? கெஞ்சினாலும் கொடுக்காதே.

படத்தைப் பற்றி ஒரே பேச்சு. தொடாதே. அழுத்தாதே, இழுக்காதே, பிரிக்காதே. அலமாரிப் பக்கத்துச் சுவர் காய்ந்திருக்கும், அங்கே மாற்றி மாட்டிவிட்டு மறந்துவிடு. பழைய காகிதம் ஈரம் பட்டால் அப்படித்தான் ஆகும். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 2

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் நலமாக இல்லை.

உன் கடிதம் கைக்கு வரும் முன்பே நடந்துவிட்டது. சுவர் இன்னும் ஊறியது, நானும் அலமாரிப் பக்கம் மாட்டலாம் என்றுதான் படத்தைக் கழற்றினேன். உள்ளே ஏதோ நழுவியது. கவிழ்த்துப் பார்த்தால் அம்மாவின் முகம் சட்டத்தின் அடியில் கிடந்தது. ஒரு கோட்டுப் பொத்தான் அளவு. கழுத்துச் சங்கிலியில் பாதியும் அதோடு வந்துவிட்டது. அது சங்கிலியே இல்லை அக்கா. மையால் போட்ட கோடு. சின்ன வயதிலிருந்து நான் அந்தச் சங்கிலி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், நினைவிருக்கிறதா? நீ, "அடகுல போயிடுச்சு" என்பாய்.

முகம் இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. காய்ந்த பசை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதன் அடியில் வேறு ஒரு வாயும் தாடையும் தெரிகின்றன. அந்த வாய் இறுக மூடியிருக்கிறது. அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள்.

முகத்தை இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து, பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். படத்தை அலமாரிப் பக்கம் மாட்டிவிட்டேன். அப்பாவுக்குச் சட்டம் மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அதன் முன்னால் போய் நிற்கிறார். "உங்கம்மா சிரிக்கிறா பாத்தியா?" என்று கேட்கிறார். தினமும் கேட்கிறார். நான், "ஆமாம்பா" என்கிறேன். சொல்லும்போது அந்த வாயைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உடனே எழுது.

பூனை


ஜூலை 30

அன்பு அக்காவுக்கு,

சுகமா? உன் பதிலைக் காணோம். பொத்தான் கடைக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போய், ஆட்கள் எல்லாம் போகும்வரை மூலையில் நிற்கிறேன். அந்த அம்மா, "வரலடி கண்ணு. வந்தா உன் வீட்டு ஜன்னல்ல வந்து கூவ மாட்டேனா? அதுக்குன்னு இப்படிப் பேய் மாதிரி நிக்காதே, வாங்க வர்றவங்க பயப்படுறாங்க" என்கிறார். உனக்கு உடம்பு சரியில்லையா? அத்தானுக்கா? அல்லது நான் எழுதியது பிடிக்கவில்லையா?

ஆபரேஷன் செப்டம்பரில் என்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா ஒன்றையே சொல்கிறார்: "கட்டு அவிழ்த்ததும் முதல்ல என் வீட்டுக்காரி மூஞ்சியைப் பார்க்கணும்." எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

படம் எடுத்த அன்று நடந்ததைத் தினமும் சொல்கிறார். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் சொல்வார். "நீ தும்மின. அவ அசையல. சிலை மாதிரி உட்கார்ந்திருந்தா. ஸ்டூடியோக்காரர், மூச்சு விடும்மா, படம் எடுக்கறதுக்குள்ள மயங்கிடாதேன்னாரு. அப்பத்தான் சிரிச்சா." இதைச் சொல்லிவிட்டு அவரும் சிரிக்கிறார்.

அக்கா, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். படத்தில் இருக்கிற ரவிக்கையின் தோள் ஒரு விரல் இறங்கியிருக்கிறது. கைக்குழியில் துணி மடிந்து நிற்கிறது. கடைக்கு வரும் யாருக்காவது ஒரு நூல் இறங்கினால்கூடப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவர் அப்பா. தன் வீட்டுக்காரிக்கு இப்படித் தைத்திருப்பாரா? அது வேறு யாருடைய அளவுக்கோ தைத்த ரவிக்கை. இல்லையென்றால் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு யாரோ.

அது யார்? அம்மா இருக்கும்போதே அப்பாவுக்கு வேறு யாராவது இருந்தார்களா? பசையைத் துடைத்தால் முகம் தெரிந்துவிடும். துடைக்கக் கை வரவில்லை.

பூனை


ஆகஸ்ட் 14

பூனைக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை தலைக்குமேல் இருந்தது, அதனால் எழுதவில்லை.

எனக்கு எதுவும் தெரியாதென்று உனக்கே தெரியும். அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அப்பாவைப் பற்றிக் கண்டதையும் நினைக்காதே. அந்த மாதிரி மனுஷன் இல்லை அவர். வாய் இறுகியிருந்தால்தான் என்ன? ஒரு கால் குட்டையான நாற்காலியில், எப்போது கவிழுமோ என்று ஆடிக்கொண்டே கைக்குழந்தையை வைத்திருந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

பசையைத் துடைக்காதே. நான் உன்னிடம் அடிக்கடி எதுவும் கேட்பதில்லை. இதைக் கேட்கிறேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்ததும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா,

உன் சுகத்தை அப்புறம் விசாரிக்கிறேன்.

நாற்காலியின் ஒரு கால் குட்டை என்று உனக்கு எப்படித் தெரியும்? படத்தில் அது தெரியவில்லை. அப்பாவும் ஒருநாளும் சொன்னதில்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவளுக்கு அந்த நாற்காலி எப்படி ஆடியது?

உன் கடிதத்தைப் படித்த அன்றே பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். நீ கேட்டுக்கொண்டதை மீறிவிட்டேன். முதலில் மூக்கு வந்தது. பிறகு இடது புருவம். நீ மெஷின் மிதிகட்டையில் விழுந்து வெட்டிக்கொண்ட கோடு அதில் இருக்கிறது. படம் எடுத்தபோது உனக்குப் பதினான்கு வயது இருக்குமா? அம்மாவின் சேலைக்குள், அம்மாவின் ரவிக்கைக்குள், என்னைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னைத் தூக்கி வளர்த்தது நீ. எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டது நீ. அப்பா உன்னை வாசலை மிதிக்கவிடாமல் வைத்திருக்கிறார், ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீதான் என் அம்மாவா?

ஆபரேஷன் செப்டம்பர் 20. இந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதாமல் இருந்துவிடாதே.

பூனை


செப்டம்பர் 6

என் கண்ணுக்குட்டிப் பூனைக்கு,

நாங்கள் சுகம். நீ கேட்டதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. அத்தான் ரொட்டியை வெட்டி முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

இல்லை. நீ அம்மா பெற்ற பிள்ளை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். நீ அழுத முதல் அழுகையைக் கேட்டேன். உள்ளே போனபோது அம்மா உன் காதைத் தொட்டு, "இதுவும் உன்னை மாதிரியே நீளக் காது" என்றாள். அதில் சந்தேகமே வேண்டாம்.

காய்ச்சல் எனக்கு வரவில்லை, அம்மாவுக்கு வந்தது. பிள்ளை பெற்ற உடம்பு தாங்கவில்லை. உனக்கு ஒரு வயதாகும்வரை அவள் இருந்தாள் என்று நாங்கள் சொன்னது பொய். நீ பிறந்த வாரமே போய்விட்டாள். உன்னை அவள் மடியில் வைத்துப் பால் கொடுத்ததுகூட இல்லை.

அவளுடைய படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றுதான், அவள் வேலை பார்த்த ஆலையில் கொடுத்த அடையாள அட்டையில் ஒட்டியிருந்தது. அதில் சிரித்துக்கொண்டிருப்பாள். அப்பா அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். முகம் இருக்கிறது, உடம்புக்கு யாராவது உட்கார வேண்டும் என்றார் ஸ்டூடியோக்காரர். அப்பா வீட்டுக்கு வந்து, "அம்மா ரவிக்கையைப் போட்டுக்கோ" என்றார். எனக்கு அது சாக்கு மாதிரி இருந்தது. தைக்க நேரமில்லை என்று முதுகிலும் தோளுக்குப் பின்னாலும் குண்டூசியாகக் குத்தினார். இரண்டு ஊசி கீழே விழுந்தன. அப்பா கையிலிருந்து ஊசி விழுந்து நான் அன்றுதான் பார்த்தேன். "மூச்சு இழுக்காதே, குத்திடும்" என்றார். அதனால்தான் நான் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஸ்டூடியோக்காரர் மூச்சு விடச் சொன்னது என்னைத்தான். நான் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. அட்டையிலிருந்து வந்திருக்கும்.

முகத்தை ஒட்டி, அதை மறுபடி ஒரு படம் எடுத்தால் ஒட்டு தெரியாது, இரண்டு நாள் பொறுங்கள் என்றார் ஸ்டூடியோக்காரர். அப்பா பொறுக்கவில்லை. ஒட்டின பசை காய்வதற்குள் கண்ணாடி போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். யாரும் தொடக் கூடாது என்ற சட்டம் அன்று வந்தது.

அத்தானைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்ன நாளில் நீ காஜா எடுத்த சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தாய். அப்பா படத்தைக் காட்டி, "உங்கம்மா இருந்திருந்தா அவ மூஞ்சியைப் பார்த்து இப்படிச் சொல்லுவியா?" என்றார். நான் பதிலுக்கு, "அது என் மூஞ்சிதானேப்பா. பூனை வரட்டும், அவகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கத்தவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாக மேசையில் வைத்தார். "அம்மா மடியில இருந்தோம்னு நினைச்சு வளர்ந்த பிள்ளை அது. அதைப் பிடுங்குற வாயோட இந்த வாசலை மிதிக்காதே" என்றார். அந்தக் கத்தரிக்கோல் மரத்தில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால், சொன்னது நான்தான் என்று நினைப்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உன் நிலைமை என்ன என்றுதான் பயப்படுகிறேன்.

அதனால் படத்தை அடுப்பில் போட்டுவிடு. மழை கொண்டுபோய்விட்டது என்று சொல். அழுவார். ஆனால் ஒருநாள் ஓய்ந்துவிடும்.

அக்கா


செப்டம்பர் 19

அன்பு அக்காவுக்கு,

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். நீளக் காது என்ற இடத்தில் மட்டும் சிரித்தேன். நீ நலமாக இருக்க வேண்டும்.

நாளை ஆபரேஷன், நாளை மறுநாள் கட்டு அவிழ்ப்பார்கள். இதற்கு உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பசை காய்ச்சி அம்மாவின் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். காய்ந்து சுருங்கிவிட்டதால் உன் முகத்தை மூடவில்லை, உன் காது வெளியே நிற்கிறது. கண்ணாடியைப் போட்டு நிமிர்த்தினால் நழுவி மடியில் இருக்கும் என்மேல் விழுகிறது. இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை எனக்குத் தைரியம் இல்லை.

அடுப்பைப் பற்றவைத்தேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா முன்னறையிலிருந்து, "என்னடி தீயுற வாடை?" என்றார். பால் என்றேன். ஒன்றும் தீயவில்லை அக்கா. என்னால் முடியவில்லை. உன்னுடைய படம் என்று இந்த வீட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

துடைத்த முகத்தோடு அப்படியே மாட்டிவிட்டேன். கத்தரிக்கோலை மட்டும் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அவர் என்னையும் போகச் சொன்னால் நீ இருக்கும் ஊருக்கு எந்த வண்டி ஏற வேண்டும் என்று பொத்தான் கடைக்காரம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நானே வாயைத் திறந்து கேட்டேன். அவருக்கே ஆச்சரியம்.

பூனை


செப்டம்பர் 23

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? அப்பாவுக்கு ஒரு கண் நன்றாகத் தெரிகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் சின்னப் பையன் மாதிரி கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். என் காதில் ஒரு எழுத்தும் விழவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்துக்கு நேராகப் போனார். நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது.

"எப்ப?" என்றார்.

"ஜூன்ல. மழை இறங்கி தானா வந்துடுச்சுப்பா. அக்கா சொல்லல. நானா கண்டுபிடிச்சுக் கேட்டப்புறம்தான் சொன்னா."

"சிரிக்கிறாளான்னு தினமும் கேட்டேனே. ஆமாம் ஆமாம்னியே."

"பயமா இருந்துச்சுப்பா."

திரும்பாமலே, "எனக்கும்தான்" என்றார். "நீ பிறந்ததிலேருந்து."

அம்மா எங்கே என்று கேட்டார். பொத்தான் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அந்தச் சின்ன முகத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியின் உறைக்குள் வைத்தார். பிறகு படத்தைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். போட்டு உடைக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் உடையவில்லை. பார்த்தால், உன் தோளில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இங்க குண்டூசி குத்தி ரத்தம் வந்திருந்துச்சு. வீட்டுக்கு வந்து ரவிக்கையைத் துவைக்கப் போட்டப்பதான் பார்த்தேன். வாயே திறக்கல, கழுதை." விரலை எடுக்காமலே, "ஒரு விரல் இறங்கியிருக்கு. என் கையால இப்படி ஒரு ரவிக்கை" என்றார்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை. இழுப்பறையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் பூட்டியிருக்கு?" என்றார். சாவியைக் கொடுத்தேன். கத்தரிக்கோலை எடுப்பாரோ என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவர் எடுத்தது அளவு நாடாவை.

"அவ தோள் இப்ப என்ன அளவு?"

"தெரியாதுப்பா."

"எழுதிக் கேளு. பொத்தான் கடைக்குத்தானே லெட்டர் வருது?"

நான் பொத்தான் டப்பாவை எடுத்து மூடினேன். "பொத்தான் வாங்கப் போறேன்னுட்டுப் பொத்தான் இல்லாம வர்றது, கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியும்டி" என்றார்.

அதனால் கேட்கிறேன். உன் அளவை எழுது. அவர் மனசு மாறுவதற்குள் எழுது. படம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது, மாட்டவில்லை. மாட்டுவாரா என்று தெரியவில்லை.

பூனை


அக்டோபர் 1

என் பூனைக்கு,

சுகம். உன் கடிதத்தைச் சலவைக்கூடத்து நீராவிக்குள் நின்று படித்தேன். அங்கே எல்லோர் முகமும் ஈரமாக இருப்பதால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அளவை எழுத முடியாது. தன் தோளைத் தானே அளக்க வராது என்பது அப்பாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டிருக்கிறார் என்கிறார் அத்தான். அவருக்கு எல்லாமே சுலபம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டியில் வருகிறோம். அத்தானுக்குப் புருவம் இன்னும் முளைக்கவில்லை. புதுக் கண்ணால் அப்பா பார்க்கப்போகும் முதல் மருமகன் கோலம் அதுதான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கென்ன. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுவேனோ என்று இருக்கிறது. நான் தட்ட மாட்டேன். கதவை நீ திறந்து வை. மெஷின் சத்தம் வேகமாகக் கேட்டால் தெருவிலிருந்தே போய்விடுவேன், சொல்லிவிட்டேன்.

அளவெடுக்க அப்பா நாடாவோடு வரும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உன் அக்காதானே நான். அதனால் அவரிடம் எனக்காக நீ ஒன்றை முன்னாலேயே கேட்டு வை. இந்தத் தடவை மூச்சு விடலாமா என்று.

அக்கா